தென்னம்பிள்ளை காய்த்துவிட்டது, கடன் தீரவில்லை

இருபத்துநாலு மாதம் என்றுதான் குழுக் கடன் அட்டையில் அச்சடித்திருந்தது. கடன் 40,000 ரூபாய். மாதம் 2,100 வீதம் 24 தவணை. படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் விடிந்துவிடும் என்று நினைக்காத பெண் ஒருத்தியாவது அந்தக் குழுவில் இருந்திருப்பாளா? ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அட்டை முடிந்தது. அதை முடிப்பதற்கு வாங்கிய இன்னொரு அட்டை, அதைக் கட்டுவதற்கு வாங்கிய கைமாற்று, கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க வாங்கிய தண்டல், தண்டலை அடைக்க வாங்கிய கந்துவட்டி என்று கடன் பெயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. கடன்காரி என்று ஊர் சொல்லிவிடுமே, மகளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வந்துவிடுமே என்று பொத்திப் பொத்தி வைத்தேன். யாருக்காகப் பொத்தி வைத்தேனோ அந்த மகளின் படிப்பே போன பிறகு இனி எதற்கு மறைக்க வேண்டும்?

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மாமனார் வைத்த மூன்று மா தோப்பு, எழுபது மரத்துக்குக் குறையாது. அந்தத் தோப்புக்கு மோட்டார் இறக்கத்தான் முதல் குழுக் கடன் வாங்கினோம். அது தப்பா? காய் வெட்டுக்கு வெட்டு கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி, விடிவதற்கு முன்னால் கஜா புயல் கரை ஏறியது. காலையில் தோப்புக்குப் போனால் நிற்கிற மரத்தை விரல் விட்டு எண்ணலாம். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. இன்னும் முப்பது வருஷம் காய்க்க வேண்டிய மரத்துக்கு 600 ரூபாய். அதைக் குறை சொல்ல இன்றைக்கு வரவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டோம், தென்னம்பிள்ளை வாங்கி நட்டோம்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. கரண்டு வரவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம். பள்ளிக்கூடத்து முகாமில் சோறு. அந்த நாட்களில் டியூ வசூலிக்கும் தம்பி பைக்கில் வந்து இறங்கினார். எந்த அதிகாரியும் இன்னும் எட்டிப் பார்க்காத தெரு. விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு அவர் வந்துவிட்டார்.

"தம்பி, ஓடு பூரா பறந்துபோச்சு. கரண்டே இன்னும் வரலப்பா. ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கச் சொல்லேன்."

"அக்கா, எங்க வீட்டுக் கூரையும்தான் போச்சு. மேல கேக்குறாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்தது, கூரை போயிருந்தது. ஆனால் 'மேல' என்றாரே, அந்த மேலே இருப்பது யார்? ஒரு நாளாவது அவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? குளிர் அறையில் உட்கார்ந்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டம் சாய்ந்து கிடப்பதை டிவியில் பார்த்துக்கொண்டே, "இந்த வாரம் வசூல் என்ன ஆச்சு?" என்று கேட்டார்களே, அவர்களுக்குப் பெற்ற தாய் இல்லையா?

வட்டியைச் சொல்கிறேன், கேளுங்கள். 2,100 வீதம் 24 மாதம் என்றால் 50,400. நாற்பதாயிரத்துக்குப் பத்தாயிரத்து நானூறு வட்டி, ரெண்டு வருஷத்துக்கு. "வருஷத்துக்குப் பதிமூணு வட்டிதானேக்கா வருது" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டுதானே வருகிறது? பன்னிரண்டாவது மாதம் என்னிடம் அவர்களுடைய 40,000 இல்லை, அதில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருந்தேன் என்பது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. கிட்டத்தட்ட 23 வட்டி வருகிறதும்மா என்றாள். ஆவணக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று முதலிலேயே பிடித்ததைச் சேர்த்தால் இன்னும் கூடும். எல்லாமே அந்தத் தாளில் இருந்ததாம். இருக்கட்டும். கையெழுத்துப் போடும்போது ஒருத்தராவது இதை எங்கள் பேச்சில் எடுத்துச் சொன்னார்களா?

இந்தக் குழு என்பது எங்கிருந்து வந்தது? 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் அரசாங்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பு, அவசரத்துக்கு நமக்குள்ளேயே கடன், ஒருத்திக்கு ஒருத்தி துணை. என் அம்மா அப்படி ஒரு குழுவில் இருந்தவள். அந்தத் துணையைத்தான் இந்த நுண்கடன் கம்பெனிகள் கண்டுகொண்டன. நிலம் இல்லையா, நகை இல்லையா, பரவாயில்லை, பத்துப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி முகம் பார்த்து வாழ்கிறார்களே, அதையே ஈடாக வைத்துக்கொள்ளலாம் என்று. கூட்டுப் பொறுப்பு என்று அதற்கு ஒரு பெயர். ஒருத்தி கட்டவில்லை என்றால் மீதிப் பேர் போட்டுக் கட்ட வேண்டும். கட்டும்வரைக்கும் ஒருத்தியும் எழுந்து போகக் கூடாது.

ஒரு மாதம் என்னால் கட்ட முடியவில்லை. பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி, நடவுக்குப் போக வேண்டிய ரெண்டு பேர், எல்லாரையும் கூட்டிவந்து என் வாசலில் உட்கார வைத்தார்கள். அதில் என் ஓரகத்தியும் இருந்தாள். ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். என் பிரசவத்துக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்தவள். அவள் எழுந்து நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "சோத்துல உப்புப் போட்டுத்தானடி தின்னுற? உன்னால எம் புள்ளைய விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்" என்றாள். ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி, அடகுக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி வைத்து, கட்டினேன். அன்றைக்குப் போன பேச்சுவார்த்தை, இன்றுவரை என் ஓரகத்தி என் வாசல் மிதிக்கவில்லை. அந்த 2,100 ரூபாயை ஏதோ ஒரு வழியில் கட்டிவிட்டேன். அவளை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அந்தத் தோடும் வரவில்லை. வருஷம் ஒரு தடவை வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தேன், ஒரு வருஷம் முடியவில்லை, ஏல நோட்டீஸ் வந்தது. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுனுக்குள் வைத்தவர்களுக்குத் தள்ளுபடி என்றார்கள். என் தோடு கிடந்தது தனியார் கடையில்.

நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது, பிறகு ஆகஸ்ட் வரைக்கும் நீட்டித்தது. அப்பாடா என்று இருந்தது. கட்டாத மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். ஊரே கதவைச் சாத்திக் கிடந்தபோது, வேலை இல்லை, கூலி இல்லை, வட்டி மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு அப்புறம்தான் தண்டல். பத்தாயிரம் என்பார்கள், கையில் 8,500 கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். மகள் அதற்கும் கணக்குப் போட்டாள். வருஷக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு ரூபாய்க்கும் மேலே வட்டி. தெரிந்தால் மட்டும்? சாயங்காலம் குழு டியூ கட்ட வேண்டும், காலையில் தண்டல்காரர் நிற்கிறார். எவன் கொடுத்தாலும் வாங்குகிற நிலைமைக்கு ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஏன் வாங்கினாய் என்று கேட்கிறீர்களே, அது நியாயமா?

தண்டலை முடிக்க ஒரு கந்துவட்டிக்காரரிடம் 50,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினோம். மாதம் 5,000 வட்டி. பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுதும் வட்டியாகவே போய்விடும். அசல் 50,000 ஒரு ரூபாய் குறையாமல் அப்படியே நிற்கும். இருபது மாதத்தில் ரெண்டு மடங்கு கொடுத்திருப்பீர்கள், அப்போதும் அசல் நிற்கும். நாங்கள் எத்தனை மடங்கு கொடுத்தோம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் தூக்கம் வராது. கடைசியில் வட்டி பாக்கிக்குத் தோப்பையே போக்கியத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டார் அந்த வட்டிக்காரர். கஜாவுக்குப் பிறகு நாங்கள் நட்ட பிள்ளைகள், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, மாடு கடிக்காமல் முள் வைத்துக் காத்த பிள்ளைகள், பாளை விட்டுக் காய்க்க ஆரம்பித்துவிட்டன. வெட்டு நாளன்று டெம்போ அவர் வீட்டுக்குப் போகிறது. அதே தோப்பில் நான் மட்டை பொறுக்குகிற கூலிக்காரி.

புயலில் விழுந்தது திரும்ப முளைத்துக் காய்க்கிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டது அய்யா. அந்தக் காலம் முழுக்க நாங்கள் கட்டிக்கொண்டேதான் இருந்தோம். ஒரு மாதமாவது கட்டாமல் சுகமாக இருந்தோமா? சினிமாவுக்குப் போனோமா, நல்ல சேலை எடுத்தோமா? 100 நாள் வேலைக் கூலி வங்கியில் ஏறிய அன்றைக்கே யாருக்காவது போய்விடும். வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் நிற்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி வருகிறவர், போன தீபாவளிக்கு வரவில்லை. பஸ் காசு இருந்தால் ஒரு தவணை ஆகுமே என்றார். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டுப் போனோம். என் பெயரில் பாக்கி இருக்கிறது, சிபில் சரியில்லை என்று ஒரு வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்டிய அந்தப் பிள்ளை இன்றைக்கு அப்பாவுக்குப் பக்கத்துத் தெருவில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அவள் எந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டாள்? அவளுடைய வயசு எந்த அட்டையில் வரவாகியிருக்கிறது?

சட்டம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், எல்லாவற்றையும் பெயர் சொல்லி அதில் எழுதியிருக்கிறது, மூன்று வருஷம் வரைக்கும் சிறை. அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, ரெண்டு பச்சைக் குழந்தைகளோடு தீயில் கருகினார். பலமுறை மனு கொடுத்து அலைந்தவர் அவர். மனுவை வாங்கிய கைகள் எத்தனை? அத்தனை கையும் அந்தச் சட்டத்தைப் படித்ததுதானே? நான் புகார் கொடுக்கப் போனபோது, "வாங்கும்போது தெரியலையாம்மா? பேசி முடிச்சுக்குங்க" என்றார் உட்கார்ந்திருந்தவர். நான் ஊர் திரும்புவதற்குள் போன சங்கதி வட்டிக்காரருக்குப் போய்விட்டது.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தது. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடன்களில், எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலோ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது, உறவுக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. எவ்வளவு நல்ல விதி! அதே விதிதான் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, நியாயமாகப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளிடம் விட்டது. என் அடுத்த கடனுக்கு மனு எழுதியபோது மாத வருமானம் எட்டாயிரம் என்று நான் சொன்னேன். இருபதாயிரம் என்று போட்டுக்கொண்டார்கள். பாதி என்ற கணக்கு அப்படித்தான் சரியாக வந்தது. மேலே இருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் மாதம் இருபதாயிரம் யாருக்கு வரும் என்று தெரியாதா? தெரிந்தேதானே கொடுத்தார்கள்? 2025இலும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க மாநிலத்தில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்லது. அவமானப்படுத்தாமல் வசூல் செய்யச் சொல்கிறது. எத்தனை வருஷம் வசூல் செய்யலாம் என்று எந்தச் சட்டமாவது சொல்கிறதா?

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா சொன்ன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. கம்பெனி ஒன்று கடனில் மூழ்கினால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறதாம், 2016இல் வந்த திவால் சட்டம். 330 நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று அதிலேயே கெடு. நடைமுறையில் இழுக்கிறது என்கிறார்கள், இழுக்கட்டும், கெடு என்று ஒன்றை எழுதியாவது வைத்திருக்கிறார்களே! ஆயிரக்கணக்கான கோடி கொடுத்த வங்கிகள் வந்த வரைக்கும் வாங்கிக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டுக் கணக்கை மூடுகின்றன. ஊரில் வியாபாரி நொடித்தால் மஞ்சக் கடுதாசி கொடுக்கிறார். அது வெள்ளைக்காரன் காலத்து, 1920ஆம் வருஷத்துச் சட்டம். வக்கீல் வைக்க, கோர்ட்டுக்கு அலைய வசதி இருக்கிறவருக்கு அந்தக் கதவு. குழுக் கடன் வாங்கியவள் மஞ்சக் கடுதாசி கொடுத்ததாக நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

வக்கீலம்மா அதோடு நிறுத்தவில்லை. அந்த 2016 சட்டத்திலேயே எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறதாம். புதிய தொடக்கம் என்று அதற்குப் பெயர். வருஷ வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொத்து 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர் விண்ணப்பித்தால் கடனைத் தள்ளி, வாழ்க்கையை மறுபடி தொடங்கவிடலாம். பாராளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட சட்டம். கம்பெனிகளின் பகுதி அந்த வருஷமே நடைமுறைக்கு வந்தது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களின் பகுதி 2019 டிசம்பரில் வந்தது. எங்கள் பகுதி மட்டும் வரவில்லை.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. கஜா அடித்தபோது அந்தப் பக்கங்கள் இருந்தன. என் வாசலில் ஓரகத்தியை உட்கார வைத்தபோது இருந்தன. மகள் சீட்டை விட்டுக்கொடுத்த அன்றைக்கும் இருந்தன. எங்களுக்கு என்று முடிவு ஒன்றை எழுதிவிட்டு, அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எழுதாமலே இருந்திருந்தால்கூட விதி என்று நொந்துகொண்டு போயிருப்பேன்.

இன்றைக்கு அந்தப் பூட்டைத் திறந்தாலும் எனக்குப் பயன் இல்லை, தெரியும். என் கடன் 35,000 ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. ஓடு போட்ட வீடு ஒன்று என் பெயரில் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் போன மாதம் ஒருத்தி முதல் அட்டை வாங்கியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி, புருஷன் பெயின்ட் வேலை. 24 மாதம்தானே அக்கா என்றாள் என்னிடம். டெல்லியில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும். அந்தத் தொகையை இன்றைய விலைவாசிக்கு உயர்த்த ஒரு திருத்தம் போதும். 2016இலிருந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? எங்கள் ஓட்டு வாங்கிப் போன உறுப்பினர்களே, உங்களில் ஒருவராவது எழுந்து நின்று அந்தப் பகுதி எங்கே என்று கேட்டீர்களா? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? இந்தக் கடன் எந்த மாதத்தில், எந்த வருஷத்தில் முடியும் என்று அவளுக்கு யார் எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள்?